சாம்பிராணிமேல் போட்ட பழி

அத்தியாயம் பதினொன்று

வெஸ்ட் ஈலிங் அம்மன் கோவிலில், அன்னதான வரிசையில் வைத்துத் தவநாயகி வாயைத் திறந்த இடத்தில் சென்ற வாரம் அவரை விட்டு வந்தோம். மருமகள் கம்சிகா காலையில் ஓங்காளித்துச் சத்தி எடுக்கிறாள், தனக்குப் பேரப்பிள்ளை வரப்போகிறது என்ற செய்தியை, "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை" என்ற எச்சரிக்கையோடு கமலேஸ்வரியின் காதில் போட்டார். அதே எச்சரிக்கையோடு பின்னால் நின்ற மூவரின் காதிலும் போட்டார். சொல்லக்கூடாத செய்தியைச் சொல்வதில் இருக்கிற ருசி கோவில் சக்கரைப் பொங்கலில்கூட இல்லை என்பது அவருக்கு அன்று தெரிந்தது.

கம்சிகா அப்படி ஏதாவது சொல்லியிருந்தாளா? இல்லை. தவநாயகி இரண்டு தடவை சாடைமாடையாகக் கேட்டபோதும் "அப்பிடி ஒண்டுமில்லை மாமி" என்றுதான் சொன்னாள். ஆனால் மூன்று மாதம் முடியுமுன் எந்தப் பெண் ஓம் என்று ஒத்துக்கொள்வாள்? கண்பட்டுவிடும் என்று எல்லோரும் மறைப்பதுதானே வழக்கம். ஆகவே அவள் இல்லை என்று சொன்னதையே தவநாயகி நல்ல அத்தாட்சியாக எடுத்துக்கொண்டார்.

அந்த அத்தாட்சி கிடைக்குமுன் அவர் மருமகளைப் பற்றி நினைத்ததைச் சொல்லாமல் விட்டால் கதை சொல்கிற நான் நேர்மையில்லாதவன் ஆகிவிடுவேன். கம்சிகா கவுன்சிலில் வீட்டுப் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறாள். சில நாள் ஒஃபீஸ், சில நாள் வீட்டிலிருந்தபடியே லாப்டொப். ஒஃபீஸ் போகிற நாளில் அவளுக்கு ஒரு நோவு வருத்தமும் இல்லை, வீட்டில் நிற்கிற நாளில்தான் தலையிடி, களைப்பு, சோர்வு. சமையலுக்குக் கை கொடுக்காமல் தப்புவதற்கான வேலை இது என்று தவநாயகி மார்கழி முழுக்க மனதுக்குள் கறுவிக்கொண்டிருந்தார். கனடாவில் இருக்கிற தங்கச்சியிடம் போனில் வாய்விட்டும் சொன்னார். பிறகு சத்தி தொடங்கியதும் கோபம் போய்ச் சந்தோஷம் பொங்கிவிட்டது.

தோர்ண்டன் ஹீத்தில் அவர்கள் இருப்பது வரிசை வீடுகளில் ஒன்று, பழைய வீடு. மகன் யனுஷன் வாங்கும்போதே முன் அறையில் ஒரு காஸ் கணப்பு இருந்தது. விறகு மாதிரிச் செய்த கட்டைகளுக்கு நடுவே நெருப்பு எரியும். வீட்டில் ரேடியேட்டர் இருந்தாலும் தவநாயகிக்கு அதில் நம்பிக்கையில்லை. கண்ணுக்குத் தெரிகிற நெருப்புத்தான் குளிரை விரட்டும் என்பது அவருடைய கட்சி. பிள்ளைத்தாய்ச்சி என்று முடிவான நாளிலிருந்து கம்சிகா லாப்டொப்போடு அந்த அறையில்தான் இருக்கவேண்டும் என்று சட்டமாகிவிட்டது.

சோபாவுக்குப் பின்னால் சுவரில் ஒரு சல்லடைத் துவாரம் இருந்தது. வெளிக்காற்று அதனால் நேரே உள்ளே வரும். கம்சிகா தலை வைத்துச் சாய்கிற இடம் அதுதான். ஆர் இந்த வீட்டைக் கட்டினவன், சுவரில் ஓட்டை விட்டுவிட்டுப் போயிருக்கிறான் என்று ஏசிக்கொண்டு, தவநாயகி காட்போட் மட்டையை அளவாக வெட்டி நாலு பக்கமும் பசை ரேப் ஒட்டி அதை அடைத்தார். பனிக்காற்றுத் தலைக்குள் இறங்கிவிடக்கூடாது என்ற அன்பில் செய்ததுதான். அதற்கு யாராவது வந்து நன்றி சொல்லியிருந்தால்கூட அவர் வாங்கிக்கொண்டிருப்பார்.

சுவரில் பொருத்தியிருந்த சின்ன வெள்ளைப் பெட்டிக்கு நேர்ந்ததும் அதே கதை. ஒரு வெள்ளிக்கிழமை முன் அறையில் சாம்பிராணி காட்டும்போது அது வீடு அதிரக் கத்தத் தொடங்கியது. குசினியில் உள்ள புகை அலாரமும் வடை பொரித்தால் இப்படித்தான் கத்தும். இதுவும் அதன் தம்பிதான் என்று தவநாயகி ஸ்ரூலில் ஏறிக் கழற்றி, பற்றரியை எடுத்து, துவாயில் சுற்றித் தன் அலுமாரிக்குள் வைத்தார். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த கம்சிகா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "சாம்பிராணிக்குக் கத்துது பிள்ளை, பேந்து மாட்டுறன்" என்று தவநாயகி சொல்ல, அவளுக்கும் லாப்டொப்பில் மீற்றிங் கூப்பிட்டது. பிறகு ஒருவரும் மாட்டவில்லை.

கணப்புக்கு மேலே வெள்ளைச் சுவரில் கறுப்பாய் ஒரு படலம் படிந்தது. அந்தப் பழியும் சாம்பிராணியின் தலையில்தான் விழுந்தது. ஈரத்துணியால் துடைப்பார், மறுபடி வரும். மலிவுச் சாம்பிராணி என்று கடைக்காரனைத் திட்டி வேறு பெட்டி வாங்கினார். அறையில் சிலவேளை மண்ணெண்ணெய் மாதிரி ஒரு மணம் வந்தபோது மட்டும் அவருக்கும் மனம் துணுக்கென்றது. குனிந்து கணப்பருகே மூக்கை வைத்து மணந்து பார்த்தார். காஸ் ஒழுகினால் கூழ்முட்டை நாற்றம் அடிக்கும் என்று அவருக்குத் தெரியும். அந்த நாற்றம் இல்லை. ஆகவே பயமில்லை என்று எழும்பிவிட்டார்.

இவ்வளவும் பழைய கணக்கு. இனித் திங்கட்கிழமைக்கு வருவோம்.

யனுஷன் அப்டன் பார்க்கில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன். விடியவே ரயிலுக்குப் போய்விட்டான். கம்சிகா மெதுவாகப் படியிறங்கி வந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது. லாப்டொப்பைத் திறக்கவில்லை, கையில் போனை வைத்துக்கொண்டு நின்றாள்.

"மாமி, கமலேஸ்வரி அன்ரி மெசேஜ் போட்டிருக்கிறா. வாழ்த்துகள் எண்டு. எனக்கு என்னத்துக்கு வாழ்த்து?"

தவநாயகி சோபாவில் கிடந்த போர்வையை எடுத்தார். "அவளுக்கு ஓட்டை வாய் பிள்ளை. தானே ஏதேன் யோசிச்சிருப்பாள். நான் ஒண்டும் சொல்லேல்லை."

அன்றைக்கு அவர் சொன்ன முதல் பொய் அது.

கம்சிகா போனைக் கவிழ்த்து வைத்தாள். "எனக்கு அப்பிடி ஒண்டுமில்லை மாமி. இதைப்பற்றி ஆரோடையும் கதைக்க வேண்டாம். ப்ளீஸ்." கண்ணில் நீர் கட்டி நின்றது. இந்த நேரத்தில் பெண்களுக்குத் தொட்டதற்கெல்லாம் அழுகை வரும் என்று தவநாயகி தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஆனாலும் மருமகளின் முகத்தை நேரே பார்க்க முடியாமல் போர்வையை உதறி அவள் காலில் போர்த்துவதில் மும்முரமானார். கணப்பைக் கூட்டிவிட்டார். சூடு வெளியே போகாமல் கதவை நன்றாகச் சாத்திவிட்டு, மாங்காய் வாங்கக் கடைக்குப் புறப்பட்டார்.

ஹை ஸ்ட்ரீட்டில் உள்ள தமிழ்க் கடையில் அவரைக் கண்டதும் கல்லாவில் நின்ற ஜெயகௌரி, மாங்காயை நிறுக்காமலே பைக்குள் போட்டுச் சிரித்தாள். எத்தனையாம் மாதம் என்று கேட்டாள். ஈலிங்கில் வெள்ளிக்கிழமை சொன்ன செய்தி அவருக்கு முன்னமே தோர்ண்டன் ஹீத் வந்து சேர்ந்திருந்தது. காலையில் கேட்ட "ப்ளீஸ்" நினைவுக்கு வந்து தவநாயகியின் முகம் சுட்டது. இருந்தும் வாய் கேட்கவில்லை. இப்பதான் தொடக்கம் என்று சொல்லிவிட்டு நடந்தார்.

வீட்டுக்கு வந்து, சப்பாத்தையும் கோட்டையும் கழற்றிவிட்டு முன் அறைக் கதவைத் திறந்தார்.

கம்சிகா சோபாவுக்கும் மேசைக்கும் நடுவில் கார்ப்பெற்றில் கிடந்தாள். பக்கத்தில் சத்தி. லாப்டொப்பிலிருந்து ஒரு வெள்ளைக்காரக் குரல், கம்சிகா இருக்கிறாயா, சத்தம் கேட்கிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது.

தவநாயகி தரையில் அமர்ந்து அவள் தலையை மடியில் தூக்கி வைத்தார். தண்ணீர் தெளித்தார், உள்ளங்கையைத் தேய்த்தார். கம்சிகா கண்ணைத் திறந்து எதையோ முனகி மறுபடி மூடினாள். இதுவும் அந்த மயக்கம்தான் என்று தவநாயகியின் புத்தி அடித்துச் சொல்லியது. போனை எடுத்தார். யாருக்கு அடித்தார் தெரியுமா? அம்புலன்ஸுக்கு அல்ல, கமலேஸ்வரிக்கு.

முதல் பிள்ளைக்குத் தானும் இப்படித்தான் விழுந்து எழும்பினவள், எலுமிச்சம் தண்ணீர் கொடுத்தால் சரியாகிவிடும் என்றாள் கமலேஸ்வரி. குளிர் வராமல் மறுபடி சாத்திய கதவுக்குள், எரிகிற நெருப்புக்கு முன்னால் தவநாயகி இருக்க, இரண்டு பேரும் போனில் தங்கள் தங்கள் பிள்ளைப்பேற்றைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தைத் தவநாயகி இனி எத்தனை இரவு நினைத்து நினைத்துப் புரளப்போகிறாரோ தெரியாது. எலுமிச்சம்பழம் எடுக்க எழும்பியபோது அவருக்கே தலை விண்விண்ணென்று தெறித்தது. கால் நிலத்தில் பாவவில்லை. அப்போதுதான் பயம் பிடித்து மகனுக்கு அடித்தார். அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. போனை வையுங்கோ, நான் அம்புலன்ஸுக்கு அடிக்கிறன் என்றான்.

அம்புலன்ஸில் ஓர் இளம்பெண்ணும் ஓர் உயரமான ஆணும் வந்தார்கள். முன் அறை வாசலில் கால் வைத்ததும் அந்தப் பெண்ணின் பையில் கொழுவியிருந்த சின்னக் கருவி ஒன்று கீச்சிட்டது. அவர்கள் முதலில் நோயாளியைப் பார்க்கவில்லை, நெருப்பைப் பார்த்தார்கள். பிறகு எல்லாமே வேகத்தில் நடந்தது. உயரமானவன் கணப்பை அணைத்துவிட்டுக் கம்சிகாவை அப்படியே தூக்கினான். அந்தப் பெண் தவநாயகியின் தோளைப் பிடித்து வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். சப்பாத்துப் போடவேண்டும் என்று அவர் சொன்னதை ஒருவரும் கேட்கவில்லை.

தை மாத ஈரத் தெருவில், சப்பாத்தில்லாமல் வெறும் கால்மேசோடு தவநாயகி நின்றார். அக்கம்பக்கத்து ஜன்னல் சீலைகள் அசைந்தன. பக்கத்து வீட்டுக்காரி, நம்முடைய மீன் பொரியல் மணத்துக்கு முகம் சுளிக்கிறவள் என்று தவநாயகி இவ்வளவு காலமும் ஒதுக்கி வைத்திருந்தவள், ஒரு கம்பளியோடு ஓடி வந்து அவரைப் போர்த்திவிட்டாள். எதிர்பாராத அந்த அன்பில் தவநாயகிக்கு நாணமாகப் போய்விட்டது.

அம்புலன்ஸுக்குள் கம்சிகாவின் மூக்கிலும் வாயிலும் ஒட்சிசன் மாஸ்க் போட்டிருந்தார்கள். நீங்களும் அதே காற்றைத்தான் சுவாசித்தீர்கள், ஏறுங்கள் என்று தவநாயகியையும் ஏற்றினார்கள். கதவைச் சாத்தப் போகும் நேரம் அம்புலன்ஸ்காரர் அழைத்த காஸ் கொம்பனி அவசரப் பகுதியிலிருந்து நீல ஜக்கெற் போட்ட ஒரு பெண், வீட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள். ஏதாவது மணம் வந்ததா என்று கேட்டாள். தவநாயகி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், மணமே இல்லை, தான் ஒவ்வொரு நாளும் மணந்து பார்க்கிறவள் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

அந்தப் பெண் தலையை ஆட்டினாள். கூழ்முட்டை மணம் வந்தால் அது எரியாத காஸ், உடனே ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே ஓடலாம். ஆனால் காற்றோட்டம் இல்லாமல் நெருப்பு எரிந்தால் காபன் மொனொக்சைட் என்ற நஞ்சு வரும், அதற்கு மணமும் இல்லை நிறமும் இல்லை என்று அவள் நிதானமாகச் சொன்னாள். பிறகு, சுவரில் அந்த நஞ்சுக்குக் கத்துகிற அலாரத்தை மாட்டுகிற தகடு மட்டும் இருக்கிறதே, அலாரம் எங்கே என்று கேட்டாள்.

தவநாயகி மருமகளைப் பார்த்தார். மாஸ்க்குக்கு மேலே கம்சிகாவின் கண்கள் பாதி திறந்திருந்தன.

"ஐ டோன்ட் நோ," என்றார் தவநாயகி.

கதவு சாத்தப்பட்டது. ஆஸ்பத்திரிவரை அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு போனார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் இரத்தம் எடுத்தார்கள். கம்சிகாவைக் கட்டிலில் கிடத்தி மாஸ்க்கை மாற்றினார்கள். பிலிப்பைன்ஸ்காரி போலிருந்த ஒரு நர்ஸ் வந்து, கம்சிகா கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருக்கிறதா, இந்த நஞ்சு வயிற்றுப் பிள்ளையை அதிகம் தாக்கும், அதனால்தான் கேட்கிறேன் என்றாள்.

கட்டிலின் காலடியில் நின்ற தவநாயகிக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. "யெஸ், யெஸ், பிரெக்னன்ற்," என்று முந்திக்கொண்டார். என் பிள்ளையின் பிள்ளையை நானே கொன்றுவிட்டேனா என்ற எண்ணம் அப்போதுதான் அவருக்கு முழுதாக உறைத்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

கம்சிகா கையால் மாஸ்க்கை விலக்கினாள். "நோ," என்றாள். நர்ஸைப் பார்த்துத்தான் சொன்னாள். எதற்கும் சோதித்துப் பார்க்கிறோம் என்று நர்ஸ் போனாள். சோதித்த முடிவும் அதையேதான் சொன்னது. பிள்ளை இல்லை, முன்னம் இருக்கவும் இல்லை. முதலில் தவநாயகிக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. அடுத்த மூச்சிலேயே, தான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது என்ன என்று நினைவு வந்து உடம்பு கூசியது.

யனுஷன் மூச்சு வாங்க வந்து சேர்ந்தான். வரும் வழியில் காஸ் பகுதிப் பெண் அவனோடு போனில் எல்லாம் பேசியிருந்தாள். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, தாயையும் ஒருதரம் பார்த்துவிட்டு, ஒரு மூச்சில் சொல்லித் தீர்த்தான். புகைபோக்கிக்குள் ஒரு பறவை கூடு கட்டி அடைத்துவிட்டதாம். கணப்பைப் பல வருஷமாக ஒருவரும் சேர்விஸ் செய்யவில்லையாம், அது தன்னுடைய பிழை என்றான். சுவரில் படிந்த கறுப்பு, நெருப்பு ஒழுங்காய் எரியாததால் வந்த கரியாம். மண்ணெண்ணெய் மணத்தைப் பற்றி அவன் கேட்டதற்கு, அது சாம்பிராணியும் அறைக்கு அடிக்கிற வாசனை ஸ்பிரேயும் நெருப்பில் பட்டு வந்தது, அதில் ஆபத்தில்லை என்றாளாம். காற்று வருகிற துவாரத்தை யாரோ காட்போட் வைத்து அடைத்திருக்கிறார்களாம். காஸை வெட்டி, கணப்பில் எச்சரிக்கை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாளாம்.

காட்போட் என்றதும் தவநாயகி, குளிர்காற்று வந்தது தம்பி, நான்தான் அடைத்தது என்று மெதுவாகச் சொன்னார். யனுஷன் கண்ணை மூடித் திறந்தான். தெரியாமல் செய்தது என்று அவனே சொல்லிவிட்டான். தாயை ஏசி அவனுக்குப் பழக்கமில்லை.

"அது போகட்டும். அலாரம் இருந்திருந்தால் இவ்வளவும் வந்திராது. நான் வாங்கிப் பூட்டினனான். அதை ஆர் கழட்டினது?"

தவநாயகி ஓர் எட்டு முன்னால் வந்தார். இப்போது சொல்லிவிடலாம். ஒரு சொல் போதும். காட்போட்டைத் தெரியாமல் செய்தது என்று மன்னித்தவன் இதையும் மன்னிப்பான். ஆனால் அந்த நீல ஜக்கெற்காரி கேட்டபோது தெரியாது என்று சொன்னாரே, அதையும் சேர்த்தல்லவா சொல்லவேண்டும். அவர் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"நான்தான்," என்றாள் கம்சிகா. "மீற்றிங் நேரம் கத்திக்கொண்டு இருந்தது. கழட்டினனான். பேந்து மறந்துபோனன்."

யனுஷன் அவள் கையை விட்டான். "கவுன்சில்ல உனக்கு என்ன வேலை கம்சி? வீடு வீடாய் அலாரம் பூட்டுங்கோ எண்டு சனத்துக்குச் சொல்லுறனீ. உன்ர வீட்டில நீயே கழட்டி வைச்சனியோ? அம்மா செத்திருந்தால்?"

கம்சிகா மாஸ்க்கை மறுபடி முகத்தில் வைத்துக்கொண்டாள். அவன் தேத்தண்ணி வாங்கி வருகிறேன் என்று முணுமுணுத்துவிட்டு வெளியே போய்விட்டான். தவநாயகி ஒரு சொல்லும் சொல்லாமல் நின்றார். தன் வயதுக்கும், தான் பூசுகிற திருநீற்றுக்கும் இப்படி ஒரு மௌனம் பொருந்துமா என்று அவர் மனமே அவரைக் காறித் துப்பியது.

"ஏன் பிள்ளை அப்பிடிச் சொன்னனீ?" என்று கடைசியில் கேட்டார்.

கம்சிகா மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கினாள். "நானும் கண்டனான்தானே மாமி. அது என்ன அலாரம் எண்டு எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது. நான் சொல்லியிருக்க வேணும். நீங்கள் கோவிச்சுக்கொள்ளுவியள் எண்டு பேசாமல் விட்டன்."

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தாள். "ரெண்டு வருஷமாய் நாங்கள் பிள்ளைக்காகக் கிளினிக்குக்குப் போய் வாறம். உங்களுக்குச் சொல்லேல்லை. போன மாசம்தான் டொக்டர் சொன்னவர், தானாய்த் தங்கிறது கஷ்டம் எண்டு. அதுக்குப் பிறகுதான் நீங்கள் எனக்கு மாங்காய் வாங்கத் தொடங்கினனீங்கள்."

தவநாயகி கட்டிலருகே இருந்த கதிரையில் பொத்தென்று அமர்ந்தார். இல்லை என்று அவள் சொன்ன ஒவ்வொரு தடவையும், அந்தச் சொல் அவளுக்கு எப்படி வலித்திருக்கும் என்பது இப்போது ஒன்றன்பின் ஒன்றாக வந்து அறைந்தது. சமையலுக்குத் தப்பப் பார்க்கிறாள் என்று தங்கச்சியிடம் சொன்னதும் வந்தது. தலையிடி என்று சொன்னவளை நஞ்சுக்குள் இருத்தி, போர்வை போர்த்தி, கதவையும் சாத்திவிட்டுப் போனதும் வந்தது. அழவேண்டும் போலிருந்தது. அழுதால் கம்சிகா தன்னைத் தேற்றவேண்டி வரும், அந்த உரிமையும் தனக்கில்லை என்று அழுகையை விழுங்கிக்கொண்டார்.

"அலாரம் போகட்டும் மாமி, அது எங்களுக்குள்ள," என்றாள் கம்சிகா. "ஆனால் நீங்கள் சொன்ன ஆக்களுக்கு நீங்களே இல்லை எண்டு சொல்லுங்கோ. நான் ஒவ்வொருத்தருக்கும் சொல்லித் திரிய ஏலாது. அது மட்டும் எனக்கு ஏலாது."

யனுஷன் இரண்டு கப் தேத்தண்ணியோடு திரும்பி வந்த நேரம், தவநாயகி வீட்டிலிருந்து கையோடு கொண்டு வந்திருந்த போன் அடித்தது. காது கொஞ்சம் மந்தம் என்பதால் அவருடைய போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசும். எடுத்ததும் கமலேஸ்வரியின் குரல் கட்டில்வரை கேட்டது.

"தவமக்கா, எலுமிச்சந் தண்ணி குடுத்தனீங்களோ? பிள்ளைக்கு இப்ப எப்பிடி? பேபி ஷவருக்கு ஹோல் ஒண்டு நான் இப்பவே கதைச்சு வைக்கட்டோ?"

யனுஷன் கதவருகே அப்படியே நின்றான். கம்சிகா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெளியே போய்ப் பேசுகிறேன் என்று எழும்புவது தவநாயகிக்குச் சுலபம். வாசலில் நின்று, கமலேஸ்வரிக்கு மட்டும் கேட்க, டொக்டர் பிழையாய்ச் சொல்லிவிட்டார் என்று ஏதோ ஒன்றைச் சொல்லிச் சமாளிக்கவும் அவருக்குத் தெரியும். அவர் எழும்பவில்லை.

"கமலேஸ்வரி, பிள்ளை உண்டாகேல்லை," என்றார். "அவள் என்னட்டை இல்லை எண்டுதான் சொன்னவள். நான்தான் கேக்காமல் உங்கள் எல்லாருக்கும் சொன்னனான். அவளுக்குக் காஸ் அடிச்சிருக்கு. ஆஸ்பத்திரியில கிடக்கிறாள். கத்தின அலாரத்தைச் சாம்பிராணிக்குக் கத்துது எண்டு கழட்டி அலுமாரிக்குள்ள வைச்சதும் நான்தான். அவள் இல்லை. நான்."

ஐயோ அக்கா என்று கமலேஸ்வரி தொடங்குமுன் தவநாயகி போனை நிறுத்தினார். மகனை நிமிர்ந்து பார்க்கத் துணிவு வரவில்லை, அவன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யனுஷன் தேத்தண்ணிக் கப்புகளைச் சின்ன மேசையில் வைத்தான். அவன் கத்தியிருந்தால் தவநாயகி தாங்கியிருப்பார்.

"அம்மா, கொஞ்சம் வெளியில இருங்கோ," என்றான்.

முப்பத்துநாலு வயது மகன் தன்னை ஓர் அறையை விட்டு வெளியே போகச் சொல்வது தவநாயகிக்கு இதுதான் முதல் தடவை. எழும்பினார். கம்சிகா தலையைத் திருப்பி ஏதோ சொல்ல முயன்றாள். யனுஷன் கையால் தடுத்துவிட்டான். ஆஸ்பத்திரி கொடுத்த மெல்லிய செருப்போடு தவநாயகி நடந்து போய் வராந்தாவில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் அமர்ந்தார். பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

கதவில் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. அதனூடாக மகனின் முதுகு தெரிந்தது. அவன் குனிந்து பேசிக்கொண்டிருந்தான். எனக்கு ஏன் பொய் சொன்னாய் என்று கேட்கிறானா? இனி அம்மாவோடு ஒரே வீட்டில் இருக்க முடியாது என்று சொல்கிறானா? காதுக்கு எட்டவில்லை. கேட்க முயல்வதும் களவு மாதிரி இருந்ததால் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நர்ஸ் கையில் ஒரு தாளோடு வந்து அவர் முன் குனிந்தாள். உள்ளே இருக்கிற பெண்ணுக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டாள். மாமியார் என்ற சொல் அவருக்கு வாயில் வரவில்லை. ஒரே வீட்டில் இருக்கிறோம் என்றார்.

நர்ஸ் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. உங்கள் இரத்தப் பரிசோதனை முடிவும் வந்திருக்கிறது, ஆனால் அந்தப் பெண்ணுடையதில் இல்லாத வேறொன்று அதில் தெரிகிறது, இதயம் சம்பந்தமாக டொக்டர் உடனே பார்க்கவேண்டும் என்கிறார் என்றாள். பக்கத்தில் குடும்பத்தவர் ஒருவர் இருந்தால் நல்லது, உள்ளே இருக்கிறவர் உங்கள் மகன்தானே, கூப்பிடட்டுமா என்று கேட்டுக்கொண்டே கதவுப் பிடியில் கையை வைத்தாள்.

தவநாயகி எட்டி அவள் கையைப் பிடித்தார்.

வேண்டாம், அவனைக் கூப்பிடாதேயுங்கோ என்று ஆங்கிலத்தில் கெஞ்சினார். சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பி, நான் தனியே வருகிறேன் என்றார்.